மௌரீன் சொல்லும் படம்

கல்யாணம் நிச்சயமான பிறகு ஆம்ப்ரோஸும் மௌரீனும் முதல்முறையாகச் சேர்ந்து சினிமாவுக்குப் போனபோது, இடைவேளை வரை மௌரீன் வாயே திறக்கவில்லை. ஆம்ப்ரோஸுக்குக் கண் தெரியாது. ஒன்பது வயதில் வந்த மூளைக்காய்ச்சல் பார்வையைக் கொண்டுபோய்விட்டது. படத்துக்குக் கூப்பிட்டது என்னவோ அவன்தான். ஆனாலும் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவனுக்குத் தெரியாத ஒன்றைத் தான் மட்டும் பார்த்துக்கொண்டிருப்பது அவளுக்கு என்னவோ போல இருந்தது. திரையைப் பார்ப்பதும் அவன் முகத்தைப் பார்ப்பதுமாகப் பாதிப் படம் ஓடிவிட்டது.

விளக்கு போட்டதும் பாப்கார்ன் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு ஆம்ப்ரோஸ் கேட்டான்.

"ஒண்ணு கேக்கட்டா? ஹீரோ வந்து நின்னதும் அந்த விசில் அடிச்சாங்களே, அப்படி என்ன சட்டை போட்டுட்டு வந்தான்?"

வேறு எதைக் கேட்டிருந்தாலும் மௌரீன் தடுமாறியிருப்பாள். அவளுக்குப் பெங்களூர் கமர்ஷியல் ஸ்ட்ரீட்டில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை. காலையிலிருந்து சாயங்காலம் வரை துணியை உதறி விரித்து, மடித்து அடுக்குகிறவள்.

"கத்தரிப்பூ கலர். பட்டு மாதிரி மினுக்குது, ஆனா பட்டு இல்ல, சாட்டின். காலர் பெருசு. மேல ரெண்டு பட்டன் போடல."

"பேன்ட்டு?"

"வெள்ளை. செம டைட்டு. உட்கார்ந்தா கிழிஞ்சிடும்."

ஆம்ப்ரோஸ் சிரித்த சிரிப்பில் முன்வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "இதை முதல்லயே சொல்லக் கூடாதா? நான் இவ்வளவு நேரமா அவனை லுங்கியில நிக்க வச்சிருந்தேன்."

இரண்டாம் பாதி முழுக்க மௌரீன் அவன் காதருகே குனிந்து பேசிக்கொண்டே இருந்தாள். படம் முடிந்து வெளியே வந்தபோது அவளுக்குத் தொண்டை கட்டியிருந்தது. அந்த வாரமே அவள் தன் அம்மாவிடம், தை மாதம் வரை காத்திருக்க வேண்டாம், அதற்கு முன்பே கல்யாணத்தை வைத்துவிடலாம் என்றாள். அம்மாவுக்கு அந்தச் சம்பந்தத்தில் முழு மனது இல்லை. "அந்தப் புள்ள நல்ல புள்ளதான். ஆனா உன்னை ஒரு நாளாவது கண்ணால பார்ப்பானா?" என்று கேட்டாள். "பார்க்கிறவங்க எல்லாம் பார்த்து என்னம்மா ஆச்சு? இவர் கேக்குறாரு. நான் சொல்றதை எல்லாம் கேக்குறாரு" என்றாள் மௌரீன். தொண்ணூற்றேழாம் வருஷம் மாதா கோவிலில் கல்யாண மந்திரிப்பு நடந்தது. பாடகர் குழுவில் ஆம்ப்ரோஸ் கீபோர்டு வாசிப்பவன். மௌரீன் பாடுபவள். அன்று மட்டும் இரண்டு பேர் இடமும் காலியாக இருந்ததால் பாட்டு கொஞ்சம் இழுத்தது.

மர்பி டவுனில் மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு அறையும் சமையல்கட்டும் உள்ள வீட்டில் குடித்தனம். ஆம்ப்ரோஸ் எம்.ஜி. ரோடு பக்கம் ஒரு வங்கியில் டெலிபோன் ஆப்பரேட்டர். வெள்ளைக் கோலைத் தட்டிக்கொண்டு தானே பஸ் ஏறிப் போவான், தானே வருவான். யாராவது கையைப் பிடித்து ரோட்டைக் கடத்திவிட்டால் நன்றி சொல்வான். தப்பான பக்கம் கடத்திவிட்டாலும் நன்றி சொல்லிவிட்டு, அவர்கள் போனதும் திரும்பவும் கடந்து வருவான். வங்கியில் அவன் குரலுக்கு ஒரு பெயர் உண்டு. கன்னடத்தில் பேசினால் மைசூர்க்காரர் என்பார்கள். இங்கிலீஷில் பேசினால் பெரிய ஆபீசர் என்று நினைத்து எதிர்முனையில் எழுந்து நிற்பார்கள். வீட்டுக்கு வந்து, "இன்னாம்மா, சோறு ஆச்சா?" என்று கேட்கும்போதுதான் அது மர்பி டவுன் குரலாகும்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேருக்கும் லீவு. காலைப் பூசை முடிந்ததும் வீட்டுக்கு வந்து கறிக்குழம்பும் சோறும் சாப்பிட்டுவிட்டு மேட்னி. படம் விட்டதும் அல்சூர் ஏரிக்கரையில் மசாலா பூரி. சில வாரம் கப்பன் பார்க். சில வாரம் கமர்ஷியல் ஸ்ட்ரீட்டிலேயே சுற்றி, மற்ற கடைக் கண்ணாடிக்குள் நிற்கும் பொம்மைகளுக்கு உடுத்தியிருப்பதை மௌரீன் குறை சொல்வாள். "என் கையில கொடுத்தா அந்தப் பொம்மைக்கு உயிரே வந்துடும்" என்பாள். ஆம்ப்ரோஸ் அவள் தோளில் கை வைத்துக்கொண்டு நடப்பான். அவள் எதையாவது பார்த்து வேகத்தைக் குறைத்தால், "என்ன, புடவையா?" என்பான்.

அவள் படம் சொல்லும் விதத்தில் அவனுக்குக் குறைகள் இருந்தன. அதைச் சொல்லவும் சொல்வான்.

"சண்டையில நல்லா சொல்ற. பாட்டுலதான் ஏமாத்துற. பாட்டு ஆரம்பிச்சா 'ஆடுறாங்க, ஆடுறாங்க'ன்னு ஒரே வார்த்தை."

"ஆடத்தானே செய்றாங்க?"

"எங்க ஆடுறாங்க? எப்படி ஆடுறாங்க? பின்னால என்ன இருக்கு?"

"பின்னால மலை. முழுக்கப் பனி. ஏதோ ஃபாரின். அந்தப் பொண்ணுக்கு மட்டும் கை இல்லாத ஜாக்கெட்டு, ஷிஃபான் புடவை. பாவம், மூக்கு சிவந்து போயிருக்கு. அவன் மட்டும் லெதர் கோட்டு போட்டுட்டு இருக்கான். இதைச் சொன்னா உங்களுக்குப் பாட்டு ரசிக்குமா?"

"இப்பதான் ரசிக்குது" என்றான் ஆம்ப்ரோஸ்.

அதற்குப் பிறகு அவள் பாட்டுக்கு நடுவிலும் நன்றாகவே சொல்லப் பழகினாள். யாரும் கற்றுத் தரவில்லை. வசனம் வரும்போது நிறுத்த வேண்டும், வசனம் முடிந்த இடைவெளியில் சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்துவிட வேண்டும், ஹீரோ கதவைத் திறக்கும் முன்பே கதவுக்குப் பின்னால் கத்தியோடு ஒருவன் நிற்பதைச் சொல்லிவிடக் கூடாது என்பதெல்லாம் அவளாகவே கண்டுபிடித்தது. அந்தக் கடைசிப் பழக்கத்துக்குத்தான் ஆம்ப்ரோஸ் அவளைப் பெரிதும் மெச்சினான். "எல்லாரும் பயப்படும்போதுதான் என்னையும் பயப்பட விடுற" என்றான்.

தொண்ணூற்றெட்டாம் வருஷம் தீபாவளிக்கு ஒரு பெரிய படம் வந்தது. ஊரெல்லாம் போஸ்டர். கடையில் வேலை செய்யும் சாந்தகுமாரி முதல் நாளே பார்த்துவிட்டு வந்து, "அக்கா, கோர்ட்டு சீன்ல அழுதுட்டேன்க்கா" என்று சொல்லி அரைகுறையாகக் கதையை அவிழ்த்துவிட்டாள். அந்த ஞாயிற்றுக்கிழமை டிக்கெட் கிடைப்பதே பெரும்பாடாக இருந்தது. தியேட்டருக்குள் மூச்சு விட இடமில்லை. கதை அண்ணன் தம்பி கதை. கல்குவாரியில் வேலை செய்யும் அண்ணன், தம்பியை வக்கீலுக்குப் படிக்க வைக்கிறான். மௌரீன் எப்போதும் போலக் குனிந்து சொல்லிக்கொண்டிருந்தாள். கூட்டத்தின் சத்தத்தில் ஆம்ப்ரோஸுக்குக் கேட்க வேண்டுமே என்று கொஞ்சம் உரக்கவே சொல்லியிருப்பாள்.

முன்சீட்டில் இருந்த ஆள் இரண்டு முறை திரும்பிப் பார்த்தார். மூன்றாவது முறை எழுந்தே நின்றுவிட்டார்.

"யம்மா, நாங்க படம் பார்க்க வந்தமா, உன் கதாகாலட்சேபம் கேக்க வந்தமா? கண்ணு தெரியலன்னா வீட்டுல உட்காரச் சொல்லு. எதுக்கு இங்க இட்டுக்கினு வந்து எங்க உயிரை எடுக்கிற?"

சுற்றி இருந்த சிலர் சிரித்தார்கள். ஒருவர், "விடுப்பா" என்றார். ஆம்ப்ரோஸ் மெதுவாக, "சாரி சார். சத்தம் குறைச்சுக்கறோம்" என்றான்.  மௌரீனின் கை அவன் கைக்குள் இருந்தது. அது சில்லிட்டுப் போனதை அவன் உணர்ந்தான். இடைவேளை விட்டதும், "போலாமா?" என்றாள். அவன் ஏன் என்று கேட்காமல் எழுந்தான். மசாலா பூரி சாப்பிடாமல் நேரே வீட்டுக்கு வந்தார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தலைவலி என்றாள். அதற்கடுத்த வாரம் துணி துவைக்க வேண்டும் என்றாள். பிறகு அவன் கேட்பதை நிறுத்திக்கொண்டான். மௌரீன் வாய் மூடாமல் பேசுகிறவள். இப்போது பஸ்ஸிலும் கோவிலிலும் குரலைத் தாழ்த்தி ஓரிரண்டு வார்த்தையோடு முடித்துக்கொண்டாள். கமர்ஷியல் ஸ்ட்ரீட்டில் நடக்கும்போது பொம்மைகளைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அந்த ஆள் திட்டியது ஆம்ப்ரோஸை அவ்வளவாகத் தைக்கவில்லை. அப்படிப்பட்ட பேச்சு அவனுக்குப் புதிதில்லை. மௌரீன் வாயை மூடிக்கொண்டதுதான் அவனுக்குப் பொறுக்கவில்லை.

ஒரு நாள் அல்சூர் மார்க்கெட் பக்கம் பிளாட்பாரத்தில் விற்றார்கள் என்று அந்தப் படத்தின் கதை வசனக் கேசட் ஒன்றை வாங்கி வந்தான். அப்போதெல்லாம் படத்தின் வசனத்தை முழுசாகக் கேசட்டில் போட்டு விற்பார்கள். ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் அதைப் போட்டுக் கேட்பது அவனுக்கு வழக்கமாகிவிட்டது. சீக்கிரமே வக்கீல் பேசுவதும் அம்மா அழுவதும் ஹீரோ கர்ஜிப்பதும் அவனுக்கு மனப்பாடம். சமையல்கட்டில் வெங்காயம் நறுக்கிக்கொண்டே மௌரீன் கேட்பாள். படத்தின் இரண்டாம் பாதியை அவள் இன்னும் பார்க்கவில்லை. கோர்ட்டு சீன் வரும்போது மட்டும், பாதியில் எழுந்து வந்தது உறுத்த, வெளியே போய்விடுவாள்.

"இது போதும் இல்ல உங்களுக்கு?" என்று ஒரு நாள் கேட்டாள். குரலில் லேசான மனத்தாங்கல். "யாருக்கும் தொந்தரவு இல்ல."

ஆம்ப்ரோஸ் டேப்பை நிறுத்தினான்.

"இந்தக் கேசட்டுல யாருமே சட்டை போட்டுக்கல, மௌரீன்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததும் கண்ணில் நீரும் வந்துவிட்டது. அது வெங்காயம் என்று சொல்லி முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"எல்லாரும் இருட்டுக்குள்ள நின்னு பேசிக்கிட்டே இருக்காங்க" என்று அவன் தொடர்ந்தான். "கோர்ட்டு சீன் கடைசியில வெறும் வயலின் மட்டும் வாசிக்கிறான். ரொம்ப நேரம். யாரும் பேசல. அங்க என்னமோ நடக்குது. எல்லாரும் அழுற மாதிரி நடக்குது. எனக்கு மட்டும் தெரியாது. நீ வந்து சொன்னாதான் உண்டு."

மௌரீன் நறுக்கிய வெங்காயத்தைச் சட்டியில் போட்டுவிட்டு, "யாருமே இல்லாத தியேட்டரா இருந்தா வரேன்" என்றாள்.

சாதாரண மனிதனாக இருந்தால் அந்தப் பேச்சை அத்தோடு விட்டிருப்பான். ஆம்ப்ரோஸ் டெலிபோன் ஆப்பரேட்டர். பெங்களூரில் எந்த இடத்தின் நம்பரும் அவனுக்குத் தெரியும், தெரியாததைக் கண்டுபிடிக்கவும் தெரியும். பெரிய தியேட்டரில் ஓடி முடித்த அந்தப் படம் சிவாஜி நகர் பக்கம் ஒரு பழைய தியேட்டருக்கு மாறியிருந்தது. சனிக்கிழமை அரை நாள் வேலை முடிந்ததும், பஸ் ஸ்டாண்ட் காயின் போனில் காசைப் போட்டு அந்தத் தியேட்டரைக் கூப்பிட்டான்.

"வணக்கம். ஆம்ப்ரோஸ் பேசறேன். இந்த வாரம் மேட்னி எப்படி இருக்கு? கூட்டம் உண்டா?"

அவ்வளவுதான் கேட்டான். ஆனால் கேட்ட குரல் வங்கிக் குரல். அந்தப் பக்கத்தில் எடுத்தவர் மேனேஜர் அனந்தபத்மநாபன். படத்தை வாங்கி வெளியிட்டவர்களின் ஆபீசிலிருந்து யாரோ பெரிய மனிதர் விசாரிக்கிறார் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

"சார், வணக்கம் சார். பரவாயில்ல சார், நல்லாத்தான் போறது. பால்கனி கொஞ்சம் டல்லு. மத்தபடி பாதிக்கு மேல ரொம்பிடறது சார்."

"அப்படியா. நன்றி" என்று ஆம்ப்ரோஸ் போனை வைத்தான். பாதிக்கு மேல் என்றால் ஆகாது.

அடுத்த சனிக்கிழமையும் கூப்பிட்டான். மேனேஜர் குரலில் வருத்தம் இருந்தது. "மழை வேற சார். ஜனம் வரல. நாளைக்காவது பார்க்கலாம்." அதற்கடுத்த சனிக்கிழமை, டிசம்பர் பிறந்துவிட்டது, மேனேஜர் கிட்டத்தட்ட மன்னிப்புக் கேட்டார். "உள்ளதைச் சொல்லிடறேன் சார். ஈ ஓட்டறோம். நாளையோட எடுத்துடறோம். உங்களுக்குக் கஷ்டமா இருக்கும், என்ன செய்யறது."

"ரொம்ப சந்தோஷம் சார்" என்றான் ஆம்ப்ரோஸ், தன்னை மறந்து. 

ஞாயிற்றுக்கிழமை மேட்னிக்கு மேனேஜர் சொன்னபடியே தியேட்டர் காலியாக இருந்தது. கீழே அங்கொன்றும் இங்கொன்றுமாக முப்பது நாற்பது பேர் இருப்பார்கள். மௌரீன் பின்பக்கம் ஒரு மூலையாகப் பார்த்து உட்கார வைத்தாள். ஆரம்பத்தில் அவன் காதுக்கே எட்டாத அளவுக்கு முணுமுணுத்தாள். யாரும் திரும்பவில்லை என்று தெரிந்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் குரல் வந்தது. இடைவேளைக்குப் பின் அவளுக்கே படம் பிடித்துக்கொண்டது. தம்பி செய்த கொலையைத் தான் செய்ததாக அண்ணன் ஒப்புக்கொள்கிறான். தம்பி ஊரறிந்த வக்கீலாகிறான். வழக்கு மறுபடி கோர்ட்டுக்கு வருகிறது. சாட்சிக் கூண்டில் அம்மா ஏறி நிற்கிறாள்.

அப்போதுதான் சத்தம் நின்றது.

படம் ஓடிக்கொண்டிருந்தது. அம்மா வாயைத் திறந்து திறந்து மூடினாள். ஒரு வார்த்தை கேட்கவில்லை. விசில் பறந்தது. ஒருவர் சீட்டைத் தட்டினார். பக்கக் கதவைத் திறந்துகொண்டு கட்டம் போட்ட ஸ்வெட்டர் அணிந்த ஒருவர் ஓடி வந்தார். அவர்தான் அனந்தபத்மநாபன்.

"ஆம்ப்ளிஃபயர் போயிடுத்து. கொஞ்சம் பொறுங்கோ, பார்த்துண்டிருக்கா" என்று கையைத் தூக்கினார். "ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி" என்று கன்னடத்திலும் சொன்னார். படத்தை நிறுத்தினால் ஜனங்கள் எழுந்து போய்விடுவார்களோ என்ற பயத்தில் நிறுத்தச் சொல்லவும் அவருக்கு மனம் வரவில்லை.

"ஐயோ, இந்த இடத்துலயா போகணும்" என்றாள் மௌரீன். "அந்த அம்மா என்ன சொல்றா?"

"என்ன பண்றா இப்ப?"

"கூண்டுல கையை ஊன்றி நிக்கிறா. பேசுறா."

ஆம்ப்ரோஸ் தொண்டையைச் செருமிக்கொண்டான். பிறகு, அவளுக்கு மட்டும் கேட்கும்படி, ஒரு வயதான பெண்ணின் நடுங்கும் குரலில் சொன்னான். "ஐயா, நான் பெத்தது ரெண்டு. ஒண்ணு படிச்சது, ஒண்ணு சுமந்தது. சுமந்தவன் கூண்டுல நிக்கிறான். படிச்சவன் கோட்டு போட்டுட்டு நிக்கிறான். இதுல குற்றவாளி யாருன்னு என்னைக் கேக்காதீங்க."

முன்னால் இரண்டு வரிசை தள்ளி உட்கார்ந்திருந்த ஒருவர் திரும்பினார். மௌரீன் ஆம்ப்ரோஸின் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"சார், நீங்களா பேசுனது?" என்றார் அவர். "கொஞ்சம் சத்தமா சொல்லுங்க சார். எங்களுக்கும் கேக்கட்டும்."

ஆம்ப்ரோஸ் மௌரீன் பக்கம் சாய்ந்தான். "யார் வாய் தொறக்கிறாங்கன்னு நீ சொல்லணும். இல்லாட்டி மாட்டிக்குவேன்."

"வக்கீல். எழுந்துட்டாரு. விரலை நீட்டுறாரு. இப்ப!"

"கனம் நீதிபதி அவர்களே!" என்று ஆம்ப்ரோஸ் முழங்கினான். அந்தக் குரலுக்கு மைக் தேவைப்படவில்லை. தியேட்டரின் நாலு சுவரும் அதைத் திருப்பிச் சொல்லின. முன்னால் இருந்த எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு ஒவ்வொருவராகத் திரைப் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். மேனேஜர் நின்ற இடத்திலேயே நின்றார்.

அதற்குப் பிறகு நடந்ததை அங்கே இருந்தவர்கள் பல நாள் சொல்லிக்கொண்டிருந்திருப்பார்கள். மௌரீன் "ஜட்ஜு" என்பாள், ஆம்ப்ரோஸ் ஜட்ஜாவான். "அண்ணன், தலையைக் குனிஞ்சிட்டு" என்பாள், அவன் குரல் அடங்கிக் கரகரக்கும். ஒரு இடத்தில் அவள் சொல்லும் முன்பே அவசரப்பட்டு அம்மாவின் வசனத்தைத் தொடங்கிவிட்டான். திரையில் மீசை வைத்த போலீஸ்காரர் வாயைத் திறக்க, உள்ளே மெல்லிய பெண் குரல் அழுதது. தியேட்டரே உருண்டு சிரித்தது. "அம்மா இல்லங்க, போலீஸு!" என்று மௌரீன் அவன் தொடையில் அடித்தாள். "மன்னிக்கணும், போலீஸ்" என்று ஆம்ப்ரோஸ் எல்லாருக்கும் சொல்லிவிட்டு, வசனத்தை முதலிலிருந்து பிடித்தான். கைதட்டல்.

வசனம் முடிந்தது. அவன் நிறுத்தினான்.

"இனிமே வயலின்தான்" என்றான் மெதுவாக. "பேச்சு இல்ல. இப்ப நீ சொல்லு."

தியேட்டர் அமைதியாக இருந்தது. மேலே சுழலும் மின்விசிறியின் கிறீச்சென்ற ஒலி மட்டும் கேட்டது. மௌரீன் குரலைத் தாழ்த்தித்தான் தொடங்கினாள். ஆனால் அந்த அமைதியில் அவள் சொன்ன ஒவ்வொரு சொல்லும் முதல் வரிசை வரை போனது.

"தம்பி தன் இடத்துல இருந்து இறங்கி வரான். அண்ணன் பக்கத்துல நிக்கிறான். தொட மாட்டேங்கிறான். அண்ணன் ஜெயில் சட்டையில நிக்கிறான். முரட்டுத் துணி. துவைச்சுத் துவைச்சு நூல் எழும்பிடுச்சு. நடு பட்டன் ஒண்ணு இல்ல. தம்பி அதையே பார்க்கிறான். இப்ப தன் கறுப்புக் கோட்டைக் கழட்டுறான். அண்ணனுக்குப் போட்டு விடுறான். கை நுழைய மாட்டேங்குது. தம்பி அளவுக்குத் தைச்ச கோட்டு. அண்ணன் தோள் அகலம். கல்லு தூக்குன தோள். தம்பி இழுத்து இழுத்து விடுறான். தையல் விட்டுப்போச்சு. அண்ணன் 'பரவால்ல'ங்கிற மாதிரி தலையாட்டுறான். தம்பி அந்தக் கிழிஞ்ச இடத்துல முகத்தை வச்சிக்கிட்டு…"

அவளால் முடிக்க முடியவில்லை. அவள் முடிக்க வேண்டியும் இருக்கவில்லை. எல்லாரும் அதே காட்சியைக் கண்ணால் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். ஆனாலும் யாரும் அவளை நிறுத்தச் சொல்லவில்லை. முன்னால் இருந்த ஒரு பெண் முந்தானையால் மூக்கைச் சிந்தினாள்.

"ஓ" என்றான் ஆம்ப்ரோஸ். "இதுதானா அது." கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

விளக்கு போட்டார்கள். ஜனங்கள் உடனே போகவில்லை. ஒருவர் வந்து ஆம்ப்ரோஸின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அப்போதுதான் அவர் வெள்ளைக் கோலைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்து, பின் மௌரீனைப் பார்த்து, "நீங்க சொன்னதும் ரொம்ப நல்லா இருந்ததுங்க. அந்தப் பட்டனை நான் கவனிக்கவே இல்ல" என்றார்.  மௌரீன் தலையை ஆட்டினாள்.

கடைசியாக அனந்தபத்மநாபன் வந்தார். ஆம்ப்ரோஸை ஏற இறங்கப் பார்த்தார்.

"உங்களுக்கு ரொம்பக் கடமைப்பட்டிருக்கேன். கடைசி நாள், ரகளை ஆகியிருக்கும், மானம் போயிருக்கும். ஆனா ஒண்ணு. இந்தக் குரலை எங்கேயோ கேட்டிருக்கேனே?"

ஆம்ப்ரோஸ் நெளிந்தான். "வணக்கம். ஆம்ப்ரோஸ் பேசறேன்" என்றான், வங்கிக் குரலில்.

மேனேஜரின் வாய் திறந்தபடி நின்றது. "நீங்களா? சனிக்கிழமை சனிக்கிழமை? நான் உங்களை மெட்ராஸ் பார்ட்டின்னு நெனச்சு, பயந்துண்டு, வாரா வாரம்…"

"நான் யாருன்னு நீங்க கேக்கல சார்."

"'ரொம்ப சந்தோஷம்'னு சொன்னேளே! நான் ராத்திரி பூரா தூங்கலை, தெரியுமா?"

மௌரீனுக்கு இது எதுவும் தெரியாது. விஷயத்தைக் கேட்டதும் வெட்கத்தில் முகம் சிவந்தாள். எதற்காகக் கூப்பிட்டான் என்பதை அவளே மேனேஜரிடம் சொன்னாள். தீபாவளி வாரம் பெரிய தியேட்டரில் நடந்ததையும் சொன்னாள். அவ்வளவு நாளாக யாரிடமும் அவள் சொல்லாதது அது. அனந்தபத்மநாபன் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு அவர்கள் இருவரையும் பால்கனிக்கு அழைத்துப்போய், படம் ஓட்டும் அறைக்குக் கீழே சுவரோரமாக இருந்த இரண்டு சீட்டைக் காட்டினார். மேலே மெஷின் ஓடும் சத்தத்தில் அங்கே உட்கார்ந்து பேசினால் பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்குமே தவிர, மற்றவருக்குக் கேட்காது.

"யாரும் இந்த சீட்டைக் கேக்க மாட்டா. சத்தம்னு திட்டுவா. நீங்க வாங்கோ. ஹவுஸ்ஃபுல்லா இருந்தாலும் வாங்கோ. போன் மட்டும் வேண்டாம், என் ஹார்ட்டு தாங்காது."

சிவாஜி நகரில் பஸ் ஏறும்போது பொழுது சாய்ந்திருந்தது. பஸ்ஸில் நல்ல கூட்டம். கண்டக்டர், "முந்தே ஹோகி, முந்தே ஹோகி" என்று எல்லாரையும் முன்னால் தள்ளிக்கொண்டிருந்தார். யாரோ எழுந்து ஆம்ப்ரோஸுக்கு இடம் கொடுத்தார். மௌரீன் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவன் பக்கத்தில் நின்றாள். கிறிஸ்மஸ் மாதம். அல்சூரைத் தாண்டியதும் வீடுகளின் வாசலில் நட்சத்திரம் கட்டியிருந்தார்கள்.

"ஆரம்பிச்சுட்டாங்க" என்றாள் மௌரீன். குனியவில்லை, குரலைத் தாழ்த்தவும் இல்லை. பஸ் எஞ்சினின் சத்தத்துக்கு மேலே பேசினாள். "மூலை வீட்டுல சிவப்பு. பேப்பர் ஸ்டார். ஒரு காது கிழிஞ்சிருக்கு, உள்ள பல்பு தெரியுது. அடுத்த வீட்டுல பச்சை, ரொம்பச் சின்னது, கஞ்சன் வீடு போல. அம்மாடி, அங்க பாருங்க, மாடி உயரத்துல ஒருத்தன் மஞ்சள் ஸ்டாரைப் புடிச்சிக்கினு ஏணியில நிக்கிறான். கீழே பொண்டாட்டி ஏணியைப் புடிக்காம பக்கத்து வீட்டுக்காரியோட பேசிட்டு இருக்கா."

பக்கத்து சீட்டில் இருந்த ஒரு வயதானவர் ஜன்னல் பக்கம் எட்டிப் பார்த்துச் சிரித்தார்.

"என்ன மஞ்சள்?" என்றான் ஆம்ப்ரோஸ்.

"எலுமிச்சை மஞ்சள். பின்னால இன்னொண்ணு வருது, பொறுங்க" என்றாள் மௌரீன்.